எந்த இடத்தில் நின்றது? பேக்கப் டிவிடி திரும்பத் திரும்ப வீணாகும்போது பார்க்க வேண்டியவை

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து 41 ஜிபி இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும், டிவிடியில் ஒரு பிரதி போட்டு வைத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பத்து டிஸ்க்கில் முடிந்துவிடும் என்று கணக்கு. சாயங்காலம் ஆவதற்குள் ஐந்து டிஸ்க் வீணாகிவிட்டது. ஒன்றுகூட முழுதாக எழுதி முடியவில்லை.

முதல் இரண்டு போனதும் டிஸ்க் மட்டம் என்று முடிவுகட்டி, கடைக்குப் போய் வேறு கம்பெனி டிஸ்க் வாங்கி வந்தேன். அதுவும் பாதியில் நின்றது. வேகத்தைக் குறைத்தேன், சாஃப்ட்வேரை மாற்றினேன், சிஸ்டத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதில், எது குற்றவாளி எது நிரபராதி என்றே தெரியாமல் போனது. ஐந்தையும் குப்பையில் போட எடுத்துப் போகும்போது, ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நான் தேடிய விடை அதன் அடிப்பக்கத்திலேயே இருந்தது.

எழுதாத டிவிடியின் அடிப்பக்கம் ஒரே சீரான ஊதா நிறத்தில் மினுங்கும். எழுதிய பகுதி மட்டும் ஒரு சாயல் மாறி, நடு ஓட்டையைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், அந்த வளையம் எங்கே முடிகிறதோ அங்கேதான் வேலை நின்றிருக்கிறது. என்னுடைய ஐந்து டிஸ்க்கில் ஒன்றில் வளையம் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. ஒன்றில் பாதி தூரம் போயிருந்தது. இன்னொன்றில் விளிம்பைத் தொடப் போகும் நேரத்தில் நின்றிருந்தது. ஐந்தும் ஐந்து இடம்.

ஒரே கட்டாக வாங்கிய டிஸ்க்கில் தயாரிப்புக் கோளாறு என்றால், பெரும்பாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். இடம் மாறி மாறி நிற்கிறது என்றால் கோளாறு டிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. இரண்டு நிமிடம் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் கடைக்குப் போயிருக்கவே வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், வீணான டிஸ்க்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்பதை முதலில் பாருங்கள். அதற்கு முன்னால் டிரைவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், அந்த இடத்துக்கு அர்த்தம் தானாகப் புரியும்.

டிரைவுக்குள் நடப்பது என்ன?

கடையில் விற்கும் சினிமா டிவிடியில் தகவல் சின்னச் சின்னப் பள்ளங்களாக அச்சு வைத்து அழுத்தப்பட்டிருக்கும். நாம் வீட்டில் எழுதும் டிஸ்க்கில் பள்ளம் கிடையாது. பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கும். லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்கும். சூடுபட்ட இடம் வெளிச்சத்தைச் சரியாகத் திருப்பி அனுப்பாது, சூடுபடாத இடம் திருப்பி அனுப்பும். படிக்கும்போது டிரைவ் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். நம் ஊரில் 'ரைட் பண்றது' என்று சொல்வதும், சாஃப்ட்வேரில் 'பர்ன்' என்று இருப்பதும் இந்த வேலைதான்.

இந்தப் புள்ளிகள் ஒரே நீண்ட சுருள் கோட்டில் வரிசையாக விழுகின்றன. டிவிடியில் அந்தச் சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட சுற்றுகள். சிடியில் இந்த இடைவெளி 1.6 மைக்ரான். சிடி சரியாக எழுதும் டிரைவ் டிவிடியில் தடுமாறுவதற்கு இந்த நெருக்கம் ஒரு காரணம்.

சிக்குக்கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோடு ஆரம்பித்தால் விரல் இடுக்கில் மாவு இருக்கும்வரை கை ஓடிக்கொண்டே இருக்கும். மாவு தீர்ந்தால் கோடு அறுந்துவிடும். டிரைவுக்கும் அப்படி ஒரு பிடி மாவு உண்டு, அதற்குப் பெயர் பஃபர். பல டிவிடி ரைட்டர்களில் அது 2 எம்பி அளவுதான். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு ஏறக்குறைய 1.385 எம்பி. 8எக்ஸ் வேகத்தில் நொடிக்கு 11 எம்பி போகும். கணக்குப் போட்டால், அந்த 2 எம்பி கால் நொடிகூடத் தாங்காது. கம்ப்யூட்டர் அதற்குள் அடுத்த பிடியைக் கொடுத்தாக வேண்டும்.

பழைய சிடி ரைட்டர்களில் மாவு தீர்ந்தால் டிஸ்க் காலி, வேறு வழியே இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் தொழில்நுட்பம் வந்தது. மாவு தீரும் நிலை வந்தால் டிரைவ் தானே நிறுத்தி, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து கோட்டை ஒட்டிவிடும். பிறகு வந்த ஏறக்குறைய எல்லா டிரைவிலும் ஏதோ ஒரு பெயரில் இது இருக்கிறது. ஆனாலும் ஒட்டு ஒட்டுதான். ஒரு டிஸ்க்கில் ஐம்பது அறுபது இடத்தில் நின்று நின்று ஒட்டினால், டிஸ்க்கின் தரம் குறையத்தான் செய்யும். எழுதும்போது டிரைவின் சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தால் அது பெரும்பாலும் இதுதான். காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆரம்பிக்கும் முன்பே நின்றால்

ஒரு சதவீதம்கூட ஏறாமல், 'பவர் காலிப்ரேஷன் எரர்' என்று வந்து நிற்பது ஒரு வகை. ஒவ்வொரு டிஸ்க்கின் சாயமும் ஒவ்வொரு மாதிரி என்பதால், எந்த அளவு சூடு வைத்தால் சரியாக எழுதும் என்று டிரைவ் முதலில் சோதித்துப் பார்க்கும். அதற்கென்றே டிஸ்க்கின் உள்விளிம்பில் ஒரு சிறு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தோசை ஊற்றுவதற்கு முன்னால் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது மாதிரி. இந்தச் சோதனையிலேயே திருப்தியான விடை வரவில்லை என்றால் டிரைவ் எழுத மறுத்துவிடும்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அந்த டிஸ்க்கை டிரைவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு வெற்று டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு ஒன்று முன்பே பதிந்திருக்கும். டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரில் எந்தக் குறியீட்டுக்கு எப்படி எழுத வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் குத்துமதிப்பாகத்தான் எழுதும். கவனிக்க வேண்டியது, அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயரும் டிஸ்க்குக்குள் இருக்கும் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே பெயரில் இந்த மாதம் ஒரு தொழிற்சாலையின் டிஸ்க், அடுத்த மாதம் இன்னொன்றின் டிஸ்க் வரலாம். இம்ஜ்பர்ன் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் இந்தக் குறியீட்டைக் காட்டும். உங்கள் டிரைவுக்கு ஒத்துப்போகும் டிஸ்க் கிடைத்துவிட்டால் அந்தக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் டிவிடியில் 'டிவிடி-ஆர்', 'டிவிடி+ஆர்' என்று இரண்டு ரகம் உண்டு, முதலாவது ஒத்துவராத டிரைவுக்கு இரண்டாவது ஒத்துவருவதும் உண்டு.

இரண்டாவது காரணம் லென்ஸ். நம் ஊர்த் தூசிக்குச் சொல்லவே வேண்டாம். அப்புறம், ஏசி அறையிலிருந்து புழுக்கமான கூடத்துக்குக் கொண்டுவந்த டிரைவில் லென்ஸ் மேல் ஈரம் படியலாம். மூக்குக்கண்ணாடி பனிப்பது மாதிரிதான். அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி முயன்றால் சரியாகிவிடும். தூசி என்றால் சின்ன பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, லேசரே தளர்ந்துபோவது. இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. "டிரைவ் நல்லாதானே இருக்கு, படமெல்லாம் ஓடுதே" என்பார்கள். படிப்பதற்கு வேண்டிய லேசர் சக்தி மிகக் குறைவு, எழுதுவதற்குப் பல மடங்கு வேண்டும். அதனால் படிக்கும் டிரைவ் எழுதும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. ஒரே டிரைவுக்குள் இவை தனித்தனி ஒளிமூலங்கள். சிடி நன்றாக எழுதுகிறது, டிவிடி மட்டும் எப்போதும் தோற்கிறது என்றால் டிவிடி லேசர் தன் காலத்தை முடித்துக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்வதைவிட வேறு டிரைவ் வாங்குவதே மேல்.

நடுவில் நின்றால்

என் கதை இதுதான். வளையம் வேறு வேறு இடத்தில் நின்றதால், மாவு வரும் வழியிலோ கரண்ட் வரும் வழியிலோ தடங்கல் என்று தெரிந்தது. என் மேசைக் கம்ப்யூட்டருக்குள் இருந்த டிரைவ் எப்போதோ போய்விட்டது. அதனால் யுஎஸ்பியில் செருகும் மெலிந்த வெளி டிரைவைத்தான் பயன்படுத்தினேன். குனிய சோம்பல்பட்டு, முன்பக்க ஓட்டையில் ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு மேசை மேலே கொண்டுவந்திருந்தேன்.

யுஎஸ்பி 2.0 ஓட்டை ஒன்று கொடுக்க வேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர். யுஎஸ்பி 3.0 என்றால் 900. டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும், எழுதும் லேசரும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் இந்த மெலிந்த டிரைவ்கள் 500ஐத் தாண்டிக் கேட்பது சாதாரணம். நீண்ட, மெல்லிய கேபிளில் வோல்டேஜும் கொஞ்சம் இறங்கும். அந்தக் கண நேரத் தொய்வில் டிரைவ் மயங்கி விழும். கம்ப்யூட்டர் டிரைவைக் காணவில்லை என்று சொல்லும், அல்லது 'செமஃபோர் டைம்அவுட்' என்று புரியாத ஒரு வரியைக் காட்டும். நான் நீட்டிப்புக் கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் யுஎஸ்பி 3.0 ஓட்டையில் நேராகச் செருகினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே டிஸ்க், அதே வேகம், அதே சாஃப்ட்வேர். ஆறாவது டிஸ்க் விளிம்புவரை ஒரே சீராக எழுதி முடிந்தது. மீதி ஒன்பதும் அப்படியே முடிந்தன. சில டிரைவ்களோடு இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிள் தருவார்கள். இரண்டாவது முனை கரண்டுக்காகத்தான், அதைச் செருகாமல் தொங்கவிடாதீர்கள்.

கரண்ட் சரி என்றால் அடுத்து மாவைப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தோ, வைஃபை வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தோ நேரடியாக எழுதக் கூடாது. முதலில் எல்லாவற்றையும் சொந்த ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். எழுதும் நேரத்தில் சிஸ்டம் தூங்கிப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றிவையுங்கள். வைரஸ் ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும். கரண்ட் போய் வரும் ஊர் என்றால் யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

வீட்டில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அகலமான நாடாக் கேபிளில் இணைத்த டிரைவில் ஆறு முறை பிழை வந்தால், எக்ஸ்பி தானாகவே அதை தகவலை வேகமாகக் கடத்தும் டிஎம்ஏ முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். சொல்லாமல் செய்துவிடும். நேற்றுவரை நன்றாக எழுதிய டிரைவ் இன்று மாட்டுவண்டி மாதிரி நகர்ந்து, சிஸ்டமும் சேர்ந்து உறைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்த நாடாக் கேபிள் இணைப்பை ஐடிஇ சேனல் என்று காட்டும், அதை நீக்கிவிட்டுச் சிஸ்டத்தை மறுபடி போட்டால், டிஎம்ஏ திரும்ப வந்துவிடும். கேபிளையும் மாற்றிவிடுங்கள், ஆறு பிழை சும்மா வந்திருக்காது.

எப்போதும் ஒரே ஃபைலில் நின்றால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து அவசரமில்லாமல் படியுங்கள். நான் சொல்வதில் மிக முக்கியமானது இதுதான்.

டிஸ்க்கை மாற்றினாலும், டிரைவை மாற்றினாலும், ஒரு குறிப்பிட்ட போட்டோவோ வீடியோவோ வரும்போது மட்டும் எழுதுவது நிற்கிறது என்றால், டிவிடி மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த ஃபைல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடம் படிக்க முடியாமல் போயிருக்கலாம். பேக்கப் எடுக்க வேண்டிய அந்த ஹார்ட் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கான முதல் அறிகுறியாக இது இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் டிவிடி வேலையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, முடிந்ததையெல்லாம் வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்று அந்த டிஸ்க்கை இன்னும் உழைக்க வைக்காதீர்கள்.

இதைச் செலவே இல்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நேராக டிஸ்க்கில் எழுதாமல், முதலில் ஐஎஸ்ஓ இமேஜ் ஒன்று செய்யுங்கள். டிஸ்க்கில் போகப்போவது அத்தனையும் ஒரே ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் உருவாகும். விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி அல்லது பிரேசரோ இதைச் செய்யும். இமேஜ் செய்யும்போதே பிழை வந்தால் டிஸ்க்கும் ரைட்டரும் நிரபராதி. மூல ஃபைலிலோ, ஹார்ட் டிஸ்க்கிலோ, இடப் பற்றாக்குறையிலோதான் கோளாறு. இமேஜ் சுத்தமாக முடிந்து, அதை எழுதும்போது பிழை வந்தால் டிஸ்க், ரைட்டர், கேபிள், கரண்ட் இந்த நான்கில் ஒன்று. பாதிக் குழப்பம் இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஒரு டிஸ்க்குகூட வீணாகாது.

இமேஜ் செய்யும்போது வரும் இரண்டு சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். டிவிடியின் பழைய ஃபைல் அமைப்பான ஐஎஸ்ஓ 9660இல் வழக்கமான முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழுநீளக் கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக இருந்தால் சுலபமாகத் தாண்டிவிடும். யுடிஎஃப் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு. ஜோலியட் என்ற அமைப்பில் ஃபைல் பெயர் 64 எழுத்துக்குள் இருக்க வேண்டும். 64 நிறைய என்றுதான் தோன்றும். ஆனால் நாம் எண்ணுவது வேறு, கம்ப்யூட்டர் எண்ணுவது வேறு. 'அறுபதாம் கல்யாணம்' என்பது நம் கண்ணுக்குப் பத்து எழுத்தும் ஓர் இடைவெளியும். கம்ப்யூட்டருக்குப் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. அதன் கணக்கில் அது 17. கொஞ்சம் நீளமாகத் தமிழில் பெயர் வைத்தால் 64ஐத் தொட்டுவிடும், சாஃப்ட்வேர் வாலை வெட்டிவிடும் அல்லது எச்சரிக்கும். இதற்கும் யுடிஎஃப்தான் தீர்வு. பெயரைத் தமிழில் வைப்பதை விட வேண்டியதில்லை.

விளிம்புக்குப் பக்கத்தில் நின்றால்

என் மைத்துனர் வீட்டில் வேறு மாதிரி. அவருடைய நான்கு டிஸ்க்கும் 90 சதவீதத்துக்கு மேல் வந்து நின்றன. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் நான்கிலும் வளையம் ஒரே இடத்தில், விளிம்புக்குச் சற்று முன்னால் முடிந்திருந்தது. உறையில்லாமல் அடுக்கி விற்ற மலிவு டிஸ்க். சாயத்தை டிஸ்க்கின் நடுவில் ஊற்றிச் சுழற்றித்தான் பரப்புவார்கள். தரம் குறைந்த டிஸ்க்குகளில் வெளிவிளிம்புக்குப் பக்கத்தில் அந்தப் பூச்சு சீராக இருக்காது. 16எக்ஸ் போன்ற அதிக வேகத்தில் டிரைவ் உள்ளே மெதுவாக ஆரம்பித்து விளிம்பில்தான் உச்ச வேகத்தைத் தொடும். ஆக, டிஸ்க் மிக மோசமாக இருக்கும் இடமும் டிரைவ் மிக வேகமாக ஓடும் இடமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

அவருக்கு இரண்டு காரியம் சொன்னேன். 16 என்று போட்ட டிஸ்க்கை 8இல் எழுதுங்கள், டிஸ்க்கை முழுக்க நிரப்பாமல் 300 எம்பி அளவுக்கு இடம் விடுங்கள். உள்ளிருந்து வெளியே எழுதுவதால், விடும் இடம் அந்தக் கெட்ட விளிம்புதான். வாங்கிய மீதி டிஸ்க்குகள் அப்படியே எழுதி முடிந்தன. ஆனாலும் அவற்றை நீண்ட நாள் பேக்கப்புக்கு நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன்.

நிரப்புவது பற்றி இன்னொன்று. உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும். அது 470 கோடி பைட் என்று அர்த்தம். விண்டோஸ் 1,024ஐ அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவதால் அதே அளவை 4.37 ஜிபி என்று காட்டும். ஃபோல்டரில் 4.5 ஜிபி என்று காட்டுவதை 4.7க்குள் அடங்கும் என்று நம்பி ஆரம்பித்தால் அடங்காது. நான் 4 ஜிபி சொச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று. அப்படி இல்லை. 16எக்ஸுக்கு என்று செய்த சாயம் மிக மெதுவான வேகத்தில் கூடுதல் சூடு பட்டு மோசமாக எழுதப்படுவதும் உண்டு. அட்டையில் போட்ட வேகத்தில் பாதி என்பது என் வழக்கம். ஒரு முழு டிவிடி 8எக்ஸில் எட்டுப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்கு மேல் அவசரம் எதற்கு?

எழுதி முடித்தது, ஆனால் படிக்கவில்லை

ஐந்து வகையில் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பிழைச் செய்தியே வராது. நூறு சதவீதம் முடிந்தது என்று டிரைவ் வெளியே தள்ளும், நாமும் உறையில் போட்டு வைத்துவிடுவோம். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் பாதி போட்டோ திறக்காது.

எல்லா நல்ல சாஃப்ட்வேரிலும் 'வெரிஃபை' என்று ஒரு கட்டம் இருக்கும், எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடுவதற்கு. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பலரும் அதை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அதோடு நிறுத்தாமல், முடிந்த டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். லென்ஸ் சற்று விலகிப்போன டிரைவ் தான் எழுதியதைத் தானே படித்துவிடும், மற்றவற்றுக்குப் புரியாது. வெரிஃபையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலில் வித்தியாசம் காட்டினால், டிஸ்க்கை விட்டுவிட்டு கம்ப்யூட்டரின் ரேமைச் சோதியுங்கள். அதற்கு மெம்டெஸ்ட் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது.

விண்டோஸ் வெற்று டிஸ்க்கைப் போட்டவுடன், இதை பென் டிரைவ் மாதிரி பயன்படுத்த வேண்டுமா, சிடி டிவிடி பிளேயரில் ஓடும்படி எழுத வேண்டுமா என்று கேட்கும். பேக்கப்புக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். முதலாவதில் டிஸ்க் மூடப்படாமல் திறந்த நிலையிலேயே இருக்கும். வேறு சிஸ்டத்தில் தெரியாமல் போனது என்று வரும் பல புகார்களுக்கு இதுதான் காரணம். நாளை இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் எழுதி மூடிவிடுவது நல்லது.

டிஸ்க் வாங்குவது, வைப்பது

வெற்று டிஸ்க்குகள் இனி குறைந்துகொண்டேதான் போகும். இங்கே கடைக்குக் கடை கிடைத்த மோசர் பேர் டிஸ்க்குகளைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. அதனால் கடையில் கிடைப்பது எத்தனை வருடம் அலமாரியில் இருந்தது என்று தெரியாது. எழுதாத டிஸ்க்கின் சாயமும் வெயிலிலும் சூட்டிலும் கெடும். ஒரேயடியாக நூறு வாங்காமல், பத்து வாங்கி இரண்டை எழுதிப் பார்த்துவிட்டு மேலே வாங்குங்கள். நீண்ட நாள் வைக்க வேண்டியதை திரும்பத் திரும்ப அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் போடாதீர்கள்.

எழுதும் முன் அடிப்பக்கத்தில் விரல் ரேகை இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். துடைப்பதில் கீறல் விழுந்தாலும் சுருளின் குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துவிடும், சுருளோடு போகும் கீறலைச் சமாளிக்காது. சிடியில் அடிப்பக்கத்தைவிட மேல்பக்கம்தான் பலவீனம். தகவல் இருக்கும் பூச்சு, பெயர் அச்சிட்ட அந்த மேல்பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது, பால்பாயின்ட் பேனா பட்டால் போயிற்று. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. இரண்டுக்குமே மென்முனை மார்க்கர்தான் சரி. காகித ஸ்டிக்கர் வேண்டாம், ஒரு பக்கம் பாரம் கூடி டிஸ்க் ஆடும்.

அப்புறம், ஒரு பழைய நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் குறியீடு, வேகம், எந்த ஓட்டையில் செருகியது, எத்தனை சதவீதத்தில் நின்றது, இந்த நான்கை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த முறை முதல் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இதைச் செய்திருந்தால் இரண்டாவது டிஸ்க்கோடு தெரிந்திருக்கும்.

அப்பாவின் பத்து டிஸ்க்கும் இப்போது இரண்டு செட்டாக இருக்கின்றன. ஒன்று என் அலமாரியில், ஒன்று மதுரையில் அக்கா வீட்டில். எழுதும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை எடுத்து, ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அதே டிஸ்க்கில் போட்டிருக்கிறேன். அது ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அந்தப் பெட்டியையும் இறக்கி, ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டு எண்ணைச் சரிபார்க்கிறேன். இந்த வருடம் ஏழாவது டிஸ்க்கில் ஒரு வீடியோவுக்கு எண் ஒத்துவரவில்லை. அக்காவுக்கு போன் செய்தேன், அவளிடம் இருந்த ஏழாவது டிஸ்க்கில் சரியாக இருந்தது. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வந்தாள், அன்று மாலையே புதிதாக ஒன்று எழுதிவிட்டோம்.